ஏழாம் நம்பர் கேட்டதற்கு எட்டாம் நம்பர்

சிபலோன்சாவுக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. எந்தக் கம்ப்யூட்டர் எப்படிப்பட்ட எரரைக் கக்கினாலும் அதன் வாயை அடைத்துவிடுவாள் என்பார்கள். அடைப்பாள், உண்மைதான். உள்ளே என்ன வலி என்று கேட்டாளா என்றால், கேட்டதில்லை. அந்தப் பழக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். திரியட்டும். நடந்தது இதுதான்.

கிவு ஏரிக்கு மேலே, சிருண்டா மேட்டு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை அவள் பொறுப்பு. ஒன்பது வயதில் தகப்பனை, ஆயுதக்காரர்கள் போட்ட சாலைத் தடுப்பில் பறிகொடுத்தவள். வாழைத்தார் லாரியின் மேலே மகளோடு உட்கார்ந்து வந்தவரை இறக்கி அடையாளச் சீட்டு கேட்டார்கள். அது வேறு சட்டையில் இருந்தது. அந்தச் சட்டை வீட்டில் இருந்தது. அதற்கு மேல் அவர்களுக்குக் காரணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வெட்டுக்கத்தி மூன்று தரம் ஏறி இறங்கியதை அந்தப் பெண் லாரி மேலிருந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள் என்று சிலர் சொல்வது பொய். திறந்த கண்ணோடுதான் பார்த்தாள்.

பிறகு தாயோடு சிருண்டாவுக்கு நடந்து வந்து, சர்ச்சின் பின்னறையில் யாரோ தானமாக அனுப்பிக் குவிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பிரித்துத் தொழில் கற்றாள். ஆஸ்பத்திரிக்குத் தரை கழுவத்தான் வந்தாள். எக்ஸ்ரே கம்ப்யூட்டர் ஒரு நாள் செத்துக் கிடந்தபோது, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அதை எழுப்பினாள். பிறகு துடைப்பம் வேறு கைக்குப் போயிற்று. வார்டு ஆள் ஒருத்தன் இடுப்பில் கை வைத்ததற்குக் கீபோர்டாலேயே ஒரு பல்லை உதிர்த்தாள். அவன் இன்றைக்கும் பத்தடி தள்ளி நின்றுதான் வணக்கம் சொல்கிறான். கல்யாணமும் ஒன்று நடந்தது. அந்த ஆள் சரக்குப் படகில் அக்கரைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். அவள் தேடவில்லை.

அவள் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால்தான் மற்றது விளங்கும். நிரல் எதுவும் தனியாக நிற்பதில்லை. பாதி வேலையை வேறு யாரோ எழுதிவைத்த துண்டுகளை நம்பி விட்டிருக்கும். அந்தத் துண்டுக்கு லைப்ரரி என்று பேர். அந்த லைப்ரரிக்கு இன்னொரு லைப்ரரி வேண்டும். நெட் நன்றாக ஓடுகிற ஊரில் ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் தானாக வந்து இறங்கும். சிருண்டாவில் சண்டை மூண்டால் முதலில் சாவது நெட்தான். அதனால் அங்கே ஆட்கள் மூலநிரலை, அதாவது ஆள் எழுதின வரிகளை வைத்து, தாங்களே கம்பைல் செய்து மெஷின் ஓட்டுகிற வடிவமாகக் கட்டிக்கொள்வார்கள். இதற்கென்று ஊரில் ஒரு டிஸ்க் சுற்றும். மரவள்ளி மாவுப் பையில் சுற்றி, ஏழெட்டு மெக்கானிக்குகளிடம் கைமாறிக்கொண்டே இருக்கும். ஊர் டிஸ்க் என்பார்கள். எடுத்தவர் புதிதாக ஏதாவது போட வேண்டும். இடம் போதாததால் பழையது ஏதாவது அழிக்க வேண்டும். அதுதான் கட்டுப்பாடு.

அழிப்பதில் சிபலோன்சாவுக்கு ஈடு கிடையாது. "எட்டாவது வெர்ஷன் இருக்கும்போது ஏழாவது எதுக்கு?" என்று தட்டிவிடுவாள். எந்த நிரலாவது ஏழுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், எட்டுக்கே ஏழு என்று பொய்ப்பேர் வைத்து நீட்டுவாள். நிரல் பேரைப் பார்த்து ஏமாந்து வாங்கிக்கொள்ளும். அந்த வித்தையை ஊரில் எல்லாரும் அவளிடமிருந்துதான் கற்றார்கள். பெருமை வேறு.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஆயுதக்காரர்கள் மேடு ஏறி வந்தார்கள். வாட்ச்மேன் சிஹின்துலா கேட்டைச் சாத்தி, "இது ஆஸ்பத்திரிப்பா, இங்க என்ன இருக்கு?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டு இருக்கும்போதே கழுத்தில் வெட்டினார்கள். மெத்தை, மருந்து, ஜெனரேட்டர் எண்ணெய், டாக்டர் கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப் வரைக்கும் வாரினார்கள். கீழே சந்தையில் அதற்கு முன்பே புகுந்து வந்திருந்ததால் கத்திகள் ஏற்கனவே ஈரமாக இருந்தன. எக்ஸ்ரே அறைக்குள் வந்தவன், இருட்டுத் திரையில் தன் முகமே எதிரில் நிற்பதைப் பார்த்துத் துள்ளி, துப்பாக்கிக் கட்டையால் திரையையும் பெட்டியையும் சேர்த்துச் சப்பளித்துவிட்டான். எக்ஸ்ரே மெஷின் இரும்பு. அதைச் சுட்டும் பார்த்தான், குண்டு தெறித்து அவன் காதையே கிழித்தது. சிபலோன்சா ஈய மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, அவன் காதிலிருந்து ரத்தம் சொட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு சந்தையில் வெட்டுப்பட்டவர்கள் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். நடைபாதை நிறைந்தது. உச்சி வெயிலுக்கு அதே ஆயுதக்காரர்கள் திரும்பி வந்தார்கள். இந்தத் தரம் கதவுப் பலகையில் ஒருத்தனைச் சுமந்துகொண்டு.

அவர்கள் தலைவனுக்கு ராடி என்று பேர். இடி என்று அர்த்தம். இருபத்தாறு வயதிருக்கும். பலகையில் கிடந்தவன் அவன் கூடப்பிறந்த தம்பி பஹிசிரே. எதிர்க்கூட்டத்தோடு நடந்த சண்டையில் இடப்பக்க விலாவுக்குக் கீழே குண்டு நுழைந்திருந்தது. வெளியே வந்த துளை இல்லை.

"யாருடா இங்க டாக்டர்?" என்றான் ராடி.

"நான்தான். காலையில என் கழுத்துல கிடந்ததை நீதானே பிடுங்கின, மறந்துபோச்சா?" என்றார் டாக்டர் முருலா. அவர் ஐம்பது தாண்டியவர். பயப்படுவதற்கு அன்றைக்கு அவருக்கு நேரமில்லை.

"பேசாதே. படம் எடு. குண்டு எங்க இருக்குன்னு பார்த்து வெளிய எடு. இவன் செத்தா நீயும் செத்த. படம் எடுக்கிறவ யாரு? அவளும் செத்தா."

"படத்தைப் பார்க்கிற கம்ப்யூட்டரை உன் ஆளு உடைச்சுட்டான், தம்பி," என்றாள் சிபலோன்சா.

ராடி திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தான். ஆட்கள் ஏரியைப் பார்த்தார்கள். காது கிழிந்தவன் காதை மறைத்துக்கொண்டான்.

"போங்கடா. காலையில எடுத்த கம்ப்யூட்டரு ஒண்ணு கொண்டாங்க!"

இரண்டு பேர் ஓடி, மூச்சிரைக்க ஒரு பெட்டியைத் தூக்கி வந்து வைத்தார்கள்.

"இது பிரிண்டரு," என்றாள் சிபலோன்சா.

நடைபாதையில் கிடந்த ஃபைதா அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். ஃபைதா சந்தையில் சம்பாசா மீன் விற்கிறவள். இடது கை மணிக்கட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது, யாரோ கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். "காலையில கையை வெட்டினான், மத்தியானம் என் பக்கத்துலயே பலகையைப் போட்டு வைத்தியம் பார்க்க வந்துட்டான். வெக்கங்கெட்ட ஜென்மங்க. டாக்டரே, என்னை முதல்ல பாருங்க, நான் சீக்கிரம் வந்தவ!"

"அவங்களைத் தொட்டா உன் கையை எடுப்பேன். என் தம்பி மட்டும்," என்றான் ராடி டாக்டரிடம்.

சர்ச்சில் பாட்டு வரிகளைச் சுவரில் காட்டுகிற பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. பீடத்துத் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததால் காலையில் தப்பியது. சிபலோன்சா அதையும் ஊர் டிஸ்க்கையும் கொண்டுவந்தாள். அந்த வாரம் டிஸ்க் அவள் வீட்டு முறை. ஜெனரேட்டர் எண்ணெய் போனாலும் எக்ஸ்ரே மெஷினுக்குத் தனி பாட்டரி இருந்தது. மெஷின் படத்தைத் தனக்குள் வைத்திருக்கும். கம்பி வழியாக அனுப்பும். அதை வாங்கிப் பிரித்துக் காட்டுகிற நிரல் இந்த லேப்டாப்பில் கிடையாது. டிஸ்க்கில் ஆயத்தமாகக் கட்டிவைத்தவை எல்லாம் புது லேப்டாப்புக்கானவை. மூலநிரலிலிருந்து கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

துப்பாக்கிக் குழல் ஒன்று அவள் பிடரியில் வந்து உட்கார்ந்தது. ராடி அதை எடுக்கவே இல்லை. அவள் குனிந்தால் அதுவும் குனிந்தது.

முதல் எரர் உடனே வந்தது. ஒரு லைப்ரரி இல்லை என்றது. இருக்கிறது, அவளுக்குத் தெரியும். லைப்ரரி என்கிற ஆள் வீட்டில் இருக்கிறான், அவனிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும் என்ற குறிப்புதான் இல்லை. அந்தக் குறிப்புக் கோப்புகளை லைப்ரரியின் மூலநிரல் மூட்டையிலிருந்து உருவிப் போட்டாள். அடுத்தது, இன்னொன்று இல்லை என்றது. அதைக் கட்டப் போனால் அதற்கு வேறொன்று வேண்டியிருந்தது. அதையும் கட்டினாள். திரையில் வரிகள் மழை மாதிரி ஓடின.

"என்னடி சிவப்பு சிவப்பா வருது? செத்துட்டுதா?" என்றான் ராடி.

"மெஷின் வேலை செய்யுது. நீ குழலை அசைக்காம இரு, எழுத்து மாறுது."

முழுதும் கட்டி முடித்து ஓட்டினால், லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்றது. கட்டி வைத்த இடம் வேறு, நிரல் தேடுகிற இடம் வேறு. தேடுகிற பட்டியலைப் புதுப்பிக்க ஒரே ஒரு கட்டளை. கொடுத்தாள். கடைசியாக ஒன்று பாக்கி நின்றது. படத்தைச் சுருக்கத்திலிருந்து விரிக்கிற லைப்ரரி. ஏழாவது வெர்ஷன் வேண்டும் என்று நிரல் அடம்பிடித்தது. டிஸ்க்கில் எட்டுதான் இருந்தது. ஏழாவதை அழித்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

பலகையில் கிடந்தவன் உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ராடி கத்தினான். அவள் விரல் யோசிக்கவே இல்லை. எட்டைக் கட்டினாள், ஏழு என்று பேர் வைத்தாள். நிரல் வாயை மூடிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

பஹிசிரேயை மெஷினுக்குக் கீழே கிடத்திப் படம் எடுத்தார்கள். வந்தது. விலா எலும்பு வரிசை, முதுகெலும்பு, அதன் பக்கத்தில் வெள்ளையாகக் குண்டு. ஆட்கள் எல்லாம் எட்டிப் பார்த்து "அதோ, அதோ" என்றார்கள். ராடியின் குழல் முதல் தரமாக அவள் பிடரியை விட்டு எழுந்தது. நிரலில் இருக்கிற அளவுகோலை வைத்து டாக்டர் விலா விளிம்பிலிருந்து குண்டு வரைக்கும் கோடு இழுத்தார்.

"வயித்துக்குள்ளதான். இவ்வளவு கீழ இருக்கு. வயித்தைத் திறந்துடலாம். காலையில வாரின மயக்க மருந்தை எடுங்க," என்றார்.

சிபலோன்சா சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவள் கண் குண்டை விட்டு நகரவில்லை. ஏனோ பெரிதாக இருந்தது. கோலை எடுத்துக் குண்டின் பருமனை அளந்தாள். பன்னிரண்டரை மில்லிமீட்டர்.

"கேப்டனே, உன் தம்பியைச் சுட்டது என்ன துப்பாக்கி?"

"ஏன், சாட்சி சொல்லப் போறியா?"

"குண்டோட பருமன் கேக்குறேன்."

"எங்க கையில இருக்கிறதுதான் அவனுங்க கையிலயும். ஏழு புள்ளி அறுபத்திரண்டு. எங்க ஊர்ல பால்குடி மறக்காததுக்குக்கூட இது தெரியும்."

படத்தில் எதுவும் நிஜத்தைவிடக் கொஞ்சம் பெருத்துத்தான் தெரியும். ஏழரை, எட்டரையாகத் தெரியலாம். பன்னிரண்டரை ஆகாது. குண்டு நசுங்கவும் இல்லை, முனை அப்படியே கூராக இருந்தது. அப்படியானால் பொய் சொல்வது கோல். கோலுக்குப் பொய் சொல்லிக் கொடுத்தது எட்டாம் நம்பர். எட்டாம் நம்பருக்கு ஏழு என்று பேர் வைத்தது அவள்.

அந்த ஒரு மூச்சு நேரத்தில் என்ன நினைத்தாள் என்பதைப் பிறகு யாரிடமும் அவள் மறைத்ததில்லை. சாகட்டும் என்று நினைத்தாள். கேட்டருகே சிஹின்துலா இன்னும் எடுக்கப்படாமல் கிடந்தார்; ஈ மொய்ப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. இவன் டாக்டர் கத்தியில் செத்தால் குண்டால் செத்தான் என்றுதான் எழுதுவார்கள். லைப்ரரியை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? ராடி டாக்டரையும் தன்னையும் சுடுவான் என்பதுகூட அப்போது பெரிதாகப் படவில்லை. தகப்பனை வெட்டியவர்களும் இந்த வயதுக்காரர்கள்தான்.

டாக்டர் கத்தியை எடுத்தார். படம் சொன்னதை நம்பி, அவள் சொன்னதை நம்பி எடுத்தார். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"வெட்டாதீங்க, டாக்டர். படம் பொய். நான்தான் பொய் சொல்ல வச்சேன்."

அவள் சொன்னாள், பாதி டாக்டருக்கு, பாதி தனக்கே: லைப்ரரி தன் தகவலை இழுப்பறை மாதிரி அறை அறையாக வைத்திருக்கும், நிரல் ஏழாம் நம்பரிடம் மூன்றாவது அறையில் அளவு இருக்கும் என்று கை விடுகிறது, எட்டாம் நம்பர் அளவை நான்காவது அறைக்கு மாற்றிவிட்டது, மூன்றாவதில் வேறு ஏதோ கிடக்கிறது, அதை அளவு என்று எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறது.

"அவ்வளவுதானே? ஒண்ணரை மடங்கா காட்டுது. வகுத்துக்குறேன்," என்றார் டாக்டர்.

"ஒரு அறை மாறியிருந்தா மத்த அறையும் மாறியிருக்கும். கறுப்பு வெளுப்பும் அங்கதான் இருக்கு. எது ரத்தம், எது காத்துன்னு இந்தப் படத்தை வச்சு சொல்ல முடியாது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ராடிக்கு அறை, நம்பர் ஒன்றும் விளங்கவில்லை. பொய் என்ற ஒரு வார்த்தை விளங்கியது. துப்பாக்கியைத் திருப்பிக் கட்டையால் அவள் முகத்தில் இடித்தான். கீழுதடு பிளந்து பல் தெரிந்தது. விழுந்தவளின் காதருகே தரையில் சுட்டான். சிமெண்டுத் துண்டு கன்னத்தில் ஏறியது. அந்தக் காது பிறகு அவளுக்குக் கேட்கவே இல்லை.

"என் தம்பியைக் கொல்லப் பார்த்தியா? சொல்லுடி!"

"கொல்லணும்னா வாயைத் திறந்திருக்கவே மாட்டேன், மடையா!" என்று ரத்தத்தைத் துப்பினாள். "நாற்பது நிமிஷம் குடு. சரியான படம் தரேன்."

"இருபது."

"மெஷினுக்கு உன் துப்பாக்கி தெரியாது. நாற்பதுன்னா நாற்பது."

டாக்டர் அதற்குள் கத்தியை வைத்துவிட்டு நடைபாதைக்கு நகர்ந்தார். ராடி குழலை அவர் பக்கம் திருப்பினான். முருலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாற்பது நிமிஷம் கையைக் கட்டிட்டு நின்னா விரல் விறைச்சுப்போகும். அப்புறம் உன் தம்பி மேலதான் நடுங்கும். கை சூடா இருக்கட்டும். இந்தம்மா கையில தைச்சுப் பழகிக்கிறேன்."

"பழகிக்கிறீங்களா?" என்றாள் ஃபைதா. "நாசமாப் போச்சு. சரி, பழகுங்க."

சிபலோன்சா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். ஏழாம் நம்பர் வேண்டும். டிஸ்க்கில் இல்லை, ஊரில் வேறு யாரிடமும் இருக்காது, எல்லாருக்கும் இருந்தது இந்த ஒரு டிஸ்க், அதைத் தன் முறை வரும்போதெல்லாம் அவளே துடைத்திருந்தாள். பிளந்த உதட்டில் ஒரு துணியை வைத்துக் கடித்துக்கொண்டு டிஸ்க்கைத் தலை முதல் கால் வரை புரட்டினாள். பெரிய நிரல்களில் சில, ஊரில் ஒருத்தரையும் நம்பாதவை. தங்களுக்கு வேண்டிய லைப்ரரியைத் தங்கள் மூட்டைக்குள்ளேயே கட்டி எடுத்து வரும். நிலத்துக்கு வரைபடம் போடுகிற நிரல் ஒன்று அப்படிப்பட்டது. பெரிதாக இருக்கிறதே என்று அதை அழிக்கப் போய், வேறு வேலை வந்து விட்டுவைத்திருந்தாள். அதன் உள்ளே, ஆறு அடுக்குக்குக் கீழே, ஏழாம் நம்பர் கிடந்தது.

தனியாக உருவிக் கம்பைல் பண்ணினாள். எரர். இந்தத் தரம் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு ஓடவில்லை. மேலே போய் முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். கீழே வந்ததெல்லாம் கூக்குரல். முதல் வரியில்தான் காரணம் இருந்தது. அதைச் சரிபண்ணினாள்.

பாதியில் கீழே மேட்டடியில் வெடிச்சத்தம் கேட்டது. எதிர்க்கூட்டம். ஜன்னல் கண்ணாடி உள்ளே கொட்டியது. ராடியின் ஆள் ஒருத்தன் ஜன்னலில் நின்று திருப்பிச் சுட்டுக்கொண்டிருந்தவன், திடீரென்று தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிடித்த கைக்குள் தாடை இல்லை. காது கிழிந்தவன்தான். கொஞ்ச நேரம் காலை உதைத்துக்கொண்டிருந்து ஓய்ந்தான். சிபலோன்சா லேப்டாப்பைத் தரைக்கு இறக்கி, மெஷினின் இரும்புக் காலுக்குப் பின்னால் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தட்டினாள். நடைபாதையில் டாக்டர் முட்டி போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். சந்தையிலிருந்து வந்தவர்களில் இரண்டு பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மற்றவர்களுக்கு அந்த நாற்பது நிமிஷம்தான் வைத்தியம்.

ஏழு கட்டி முடிந்தது. ஓட்டினால் பழைய பொய்ப் படமே வந்தது. பிறகு புரிந்தது. பொய்ப்பேர் வைத்த எட்டு இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தது. நிரல் முதலில் கண்டவனையே உள்ளே அழைத்தது. அந்தப் பேரை அழித்தாள். பட்டியலைப் புதுப்பித்தாள். மறுபடி திறந்தாள்.

கோல் எட்டரை என்றது. படமே வேறாக இருந்தது. முன்பு காற்று மாதிரிக் கறுப்பாகக் கிடந்த இடது மார்பின் பாதி, வெள்ளையாக நிறைந்து நின்றது.

டாக்டர் ஓடி வந்து பார்த்தார். "வயிறு இல்ல! மார்புக்குள்ள ரத்தம் நிக்குது. நுரையீரலை அமுக்கிட்டிருக்கு. வயித்தைத் திறந்திருந்தா மேசையிலயே போயிருப்பான். ஸ்டெதாஸ்கோப் இருந்திருந்தா காதாலயே கண்டுபிடிச்சிருப்பேன்," என்று ராடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

விலா நடுவில் துளைத்து ரப்பர் குழாயைச் செருகினார். ரத்தம் பீறிட்டு அவர் மடியை நனைத்து, தண்ணீர் ஊற்றி வைத்த பாட்டிலில் இறங்கி நிறைந்தது. பாட்டில் மாற்றினார்கள். பஹிசிரே இரும, நீலம் கலைந்து உதட்டுக்கு நிறம் திரும்பியது. "அண்ணா, தண்ணி," என்றான்.

"குண்டை எடுக்கலையா?" என்றான் ராடி.

"எடுத்தா சாவான். இருந்தா இருமுவான். மூணாம் நாள் இன்னொரு படம் எடுத்துப் பார்க்கணும்."

சாயங்காலம் வெடிச்சத்தம் தணிந்தது. ராடி தம்பிக்கு இரண்டு பேரைக் காவல் வைத்துவிட்டுப் புறப்பட்டான். வாசல் வரை போனவன் திரும்பி வந்தான்.

"நாளைக்கு அவனுங்க ஆளும் அடிபட்டு வருவான். அவனுக்கும் இதே மாதிரி காட்டுவியா?"

சிபலோன்சாவின் உதடு அப்போதுதான் தைத்திருந்தது. இல்லை என்று தலையாட்டியிருந்தால் போதும். டாக்டர்கூடக் கண்ணால் கெஞ்சினார்.

"வந்தா காட்டுவேன்," என்றாள்.

ராடி அவள் வலது கையைப் பிடித்து மேசை மேல் விரித்து வைத்தான். துப்பாக்கிக் கட்டை இரண்டு தரம் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் நடைபாதைக்குக் கேட்டது. "முதல்ல காட்டின பொய்க்கு ஒண்ணு. இப்ப சொன்ன உண்மைக்கு ஒண்ணு," என்றான். லேப்டாப்பைத் தொடவில்லை. "மூணாம் நாள் என் தம்பிக்குப் படம் காட்ட ஒரு கை போதும்."

அவர்கள் இறங்கிப் போன பிறகு டாக்டர் அவள் கையை மெஷினுக்குக் கீழே வைத்தார். அவளே இடது கையால் லேப்டாப்பைத் தட்டிப் படத்தைத் திறந்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

"மூணு எலும்பு," என்றார் முருலா.

"நாலு. சுண்டுவிரல் அடியில பாருங்க."

பார்த்தார். நாலுதான். கட்டு போட விரல்களை நீட்டியபோது அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நீட்டி வச்சுக் கட்டாதீங்க. இப்படி வளைச்சு. கீபோர்டு மேல கை வச்ச மாதிரி."

"வலிக்கும், சிபா. நாள் கணக்குல வலிக்கும்."

"வலிக்கட்டும். நீட்டிக்கிட்டு நின்னா அந்தக் கை எனக்கு எதுக்கு?"

அவள் சொன்னபடியே கட்டினார். படுக்க மெத்தை இல்லை. ஃபைதா பக்கத்தில் பாய் விரித்தார்கள். ஃபைதாவின் இடது கை மணிக்கட்டோடு போயிருந்தது. கட்டு வெள்ளையாக இருந்தது.

"எனக்கு வலது இருக்கு, உனக்கு இடது இருக்கு," என்றாள் ஃபைதா. "ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு பானை ஃபுஃபுக் களி கிண்டலாம். ஆனா ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. அவன் தம்பியைச் சாக விட்டிருக்கலாம்ல? ஏன்டி வாயைத் திறந்த?"

சிபலோன்சா கட்டுப்போட்ட கையை மார்பின் மேல் ஏற்றி வைத்தாள். "என் படம் பொய் சொன்னா, நாளைக்கு உன் கையைப் பார்த்து நான் சொல்றதை யாரு நம்புவா?"

"என் கையே போச்சு."

"அதை நான் படம் எடுக்காமலே சொல்வேன்."

ஃபைதா வைதாள். தையல் இழுக்க இழுக்கச் சிபலோன்சா சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை எதிர்க்கூட்டத்து ஆட்கள் இரண்டு பேரைச் சுமந்து வந்தார்கள், ஒருத்தனுக்குத் தொடையில், ஒருத்தனுக்குக் கழுத்தோரம். ராடி வைத்த காவல் ஆட்கள் அவர்கள் மேடேறும்போதே பின்பக்கமாக ஓடிவிட்டார்கள்; பஹிசிரே அதே அறையில், முகம் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சிபலோன்சா இடது கையின் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, முதலில் குண்டின் பருமனை அளந்து பார்த்துவிட்டு, பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டாள்.